டபிள்யூ வாங்கினால் தப்பித்துவிடலாமா? கல்லூரி நிதியுதவியும் கல்வி முன்னேற்ற விதிகளும்

அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு பாடம் கைமீறிப் போகிறது என்று தெரிந்ததும் மாணவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் அறிவுரை ஒன்று உண்டு: “எஃப் வாங்குவதைவிட டபிள்யூ வாங்கிவிடு, ஜிபிஏ அப்படியே நிற்கும்.” இதில் பொய் எதுவும் இல்லை. எஃப் என்பது தோல்வி; பாடத்திலிருந்து இடையில் விலகியதைக் குறிக்கும் டபிள்யூ, ஜிபிஏ எனப்படும் மதிப்பெண் சராசரியில் சேராது என்பது உண்மைதான். ஆனால் கூட்டாட்சி அரசின் நிதியுதவியில் படிக்கும் மாணவருக்கு இது பாதி உண்மை மட்டுமே. மறுபாதி தெரியாமல் உதவியை இழந்து நின்ற பிள்ளைகள் சிலரை நான் அறிவேன். தெரிந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் கல்லூரி நிதியுதவிப் படிவங்களை நிரப்புவதில் உதவி வருகிறேன். என்னிடம் வரும் கேள்விகளிலேயே மிகத் தாமதமாக வருவது இதைப் பற்றிய கேள்விதான். உதவி நிறுத்தப்பட்டது என்ற மின்னஞ்சல் வந்த பிறகே இப்படியொரு விதி இருப்பது வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியவருகிறது.

திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகையான பெல் கிராண்ட், கூட்டாட்சி நேரடிக் கடன், வேலையுடன் கூடிய கல்வி உதவி, பெற்றோர் பெயரில் வாங்கும் பிளஸ் கடன் ஆகிய எல்லாமே 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தின் கீழ் வருபவை. இவற்றைத் தொடர்ந்து பெற வேண்டுமானால், மாணவர் தம் படிப்பில் ‘திருப்திகரமான கல்வி முன்னேற்றம்’ காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. அலுவலகங்களில் இதைச் சுருக்கமாக எஸ்ஏபி என்பார்கள். கூட்டாட்சி விதித்தொகுப்பின் 34ஆம் தலைப்பில் 668.34 என்ற பிரிவு இதை விரிவாகச் சொல்கிறது. இப்போது நடைமுறையில் உள்ள வடிவம் 2011 ஜூலை முதல் அமலுக்கு வந்தது. கூட்டாட்சி நிதியுதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தை ஆண்டுதோறும் பிழையின்றி நிரப்புவதும், வருமானக் கணக்கை ஒழுங்காகக் காட்டுவதும் ஒருபுறம் இருக்க, இந்த நிபந்தனையை நிறைவேற்றாவிட்டால் அந்த விண்ணப்பத்தால் பயன் இல்லை. குடியுரிமை பெற்றவர்களுக்கும் பச்சை அட்டை வைத்திருப்பவர்களுக்குமே இந்தக் கூட்டாட்சி உதவி பொதுவாகக் கிடைக்கும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர்களுக்கும், பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இது கிடையாது என்பதால், அவர்கள் தங்கள் கல்லூரி தரும் உதவித்தொகையின் விதிகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூட்டாட்சி அரசு எல்லோருக்கும் ஒரே அளவுகோலை எழுதி வைக்கவில்லை. என்னென்ன அளவிடப்பட வேண்டும், எங்கே எல்லை கட்ட வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, மீதியை ஒவ்வொரு கல்லூரியும் தன் கொள்கையாக எழுதிக்கொள்ளும்படி விட்டிருக்கிறது. எனவே பக்கத்துக் கல்லூரியில் படிக்கும் உறவினர் பிள்ளைக்குப் பொருந்திய விதி நம் பிள்ளைக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. அளவிடப்படுபவை மூன்று: மதிப்பெண் சராசரி, படிப்பை முடிக்கும் வேகம், படிப்புக்கான உச்சக் கால வரம்பு.

முதலாவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோர் கேட்பதும் பிள்ளைகள் கவலைப்படுவதும் அதைப் பற்றித்தான். இரண்டு கல்வியாண்டுகளுக்கு மேற்பட்ட படிப்பானால், இரண்டாம் ஆண்டின் முடிவில் மாணவருக்கு சி சராசரியோ அதற்கு இணையானதோ இருக்க வேண்டும், அல்லது அந்தக் கல்லூரியில் பட்டம் பெறுவதற்குப் பொருந்திவரும் நிலையில் அவர் இருக்க வேண்டும் என்கிறது விதி. இளநிலைப் படிப்பில் பெரும்பாலான கல்லூரிகள் இதை நான்கு புள்ளி அளவில் 2.0 என்று வைத்திருக்கின்றன. ஆரம்பத்தில் விழுந்த சராசரியை மேலே கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்பதை மட்டும் ஒரு கணக்கால் காட்டிவிடுகிறேன். 60 கிரெடிட் (பாடங்களின் அளவைக் குறிக்கும் அலகு) முடிந்த நிலையில் 1.8 சராசரியோடு நிற்கும் மாணவர், அடுத்த செமஸ்டரில் 15 கிரெடிட் எடுத்து 2.0-ஐத் தொட வேண்டுமானால், அந்த ஒரு செமஸ்டரில் அவருடைய சராசரி 2.8 ஆக இருக்க வேண்டும்.

பலர் இடறி விழுவது இரண்டாவது அளவில். படிப்பின் வேகம் என்பது, மாணவர் வெற்றிகரமாக முடித்த கிரெடிட்டுகளை அவர் எடுக்க முயன்ற மொத்தக் கிரெடிட்டுகளால் வகுத்தால் கிடைக்கும் விழுக்காடு. பெரும்பாலான கல்லூரிகள் இதற்கு 67 விழுக்காடு அல்லது மூன்றில் இரண்டு பங்கு என்று எல்லை வைத்திருக்கின்றன. இந்த எண் யாரோ தோன்றியபடி எழுதியது அல்ல. இளநிலைப் படிப்பின் உச்சக் கால வரம்பு, அந்தப் படிப்புக்கு அறிவிக்கப்பட்ட நீளத்தில் 150 விழுக்காடு என்று விதி சொல்கிறது. 120 கிரெடிட் படிப்பை 180 கிரெடிட் முயற்சிக்குள் முடிக்க வேண்டும் என்றால், சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு தேறிக்கொண்டே வந்தாக வேண்டும். வேகமும் கால வரம்பும் ஒரே கணக்கின் இரண்டு முனைகள்.

இந்தப் பின்னத்தின் கீழ்ப்பகுதியில் எதெல்லாம் சேர்கிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. எஃப் சேரும், டபிள்யூவும் சேரும். முடிக்காமல் தள்ளிவைத்ததைக் குறிக்கும் ‘இன்கம்ப்ளீட்’ என்ற நிலையும், அந்தப் பாடத்துக்கு உண்மையான மதிப்பெண் வரும்வரை, முயன்றதில் சேரும், முடித்ததில் சேராது. செமஸ்டர் தொடக்கத்தில் பாடங்களைச் சேர்க்கவும் கைவிடவும் கல்லூரி தரும் சில நாட்களுக்குள் விட்டுவிட்ட பாடம் மட்டும் பொதுவாகக் கணக்கில் வராது. அந்த நாளுக்கு முன் விடுவதற்கும் பின் விடுவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மாணவர்கள் அறியாமல் இருப்பது வியப்பாகவே இருக்கிறது; இரண்டையும் ‘டிராப்’ என்ற ஒரே பேச்சால் குறிப்பிட்டுவிடுகிறார்கள்.

ஒரு மாணவர் முதல் செமஸ்டரில் 15 கிரெடிட் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு கிரெடிட் வேதியியலில் டபிள்யூ, மூன்று கிரெடிட் கணிதத்தில் எஃப். மீதி எட்டு கிரெடிட்டில் தேர்ச்சி. 15-இல் 8 என்றால் 53 விழுக்காடு. அடுத்த செமஸ்டரில் எடுத்த 15 கிரெடிட்டையும் முடித்துவிட்டால், 30-இல் 23 ஆகி, வேகம் 76 விழுக்காட்டைத் தாண்டிவிடும். முதலாண்டில் ஏற்படும் சறுக்கல் இப்படி விரைவில் சரியாகிவிடக்கூடியது. அதுவே நான்கைந்து செமஸ்டர்களாகச் சேர்ந்துகொண்டே வந்தால் கதை வேறு. 60 கிரெடிட் முயன்று 36 மட்டும் முடித்தவர் 60 விழுக்காட்டில் நிற்கிறார். அவர் அடுத்து எடுக்கும் 12 கிரெடிட்டில் ஒன்றுகூடத் தவறாமல் முடித்தால்தான் 72-இல் 48 என்று சரியாக மூன்றில் இரண்டு பங்கைத் தொடுவார். 67 என்று முழு எண்ணாக எழுதி வைத்திருக்கும் கல்லூரியில் அதுவும் போதுமா என்பது, பின்னத்தை அவர்கள் எப்படி முழுமையாக்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இப்போது அந்த அறிவுரைக்குத் திரும்பலாம். வேகக் கணக்கில் டபிள்யூவும் எஃப்பும் ஒன்றே. இரண்டுமே முயன்றது, முடிக்காதது. சராசரிக் கணக்கில் மட்டும் டபிள்யூ மேலானது. எனவே தேறவே வழியில்லை என்ற நிலையில் டபிள்யூ வாங்குவது சரியான முடிவுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கேள்வி எழுவது, தட்டுத்தடுமாறி சி-யோ டி-யோ வாங்கித் தேறிவிட வாய்ப்புள்ள பாடத்தில். 3.2 சராசரி இருந்தும், முன்பே சில டபிள்யூக்கள் இருப்பதால் வேகம் 68 விழுக்காட்டில் தொங்கிக்கொண்டிருக்கும் மாணவர், அழகான சராசரியைக் காப்பாற்றுவதற்காக இன்னொரு பாடத்தை விட்டால் உதவியை இழப்பார். அந்தப் பாடத்தில் ஒரு சி வாங்கினால் சராசரி சற்றுத் தேயும், உதவி தொடரும். மாறாக, சராசரி 2.05-லும் வேகம் 90 விழுக்காட்டிலும் இருப்பவர் டி வாங்குவதைவிட டபிள்யூ வாங்குவதே மேல். ஒரே அறிவுரை இருவருக்கும் பொருந்தாது. தன் இரண்டு எண்களில் எது பலவீனமானது என்பதை அறியாத மாணவர் இதில் எந்த முடிவையும் எடுக்கக் கூடாது என்பதே என் கருத்து. அதோடு, தன் முதன்மைப் பாடத்தில் டி செல்லுமா, சி-க்குக் கீழ் வாங்கினால் திரும்பப் படிக்க வேண்டுமா என்பதையும் துறையில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

திரும்பப் படிப்பதைப் பற்றியும் தவறான எண்ணம் ஒன்று உலவுகிறது. பல கல்லூரிகள், ஒரு பாடத்தை இரண்டாம் முறை படித்து நல்ல மதிப்பெண் வாங்கினால் பழைய மதிப்பெண்ணைச் சராசரியிலிருந்து நீக்கிவிடும். ஆனால் வேகக் கணக்கிலிருந்து பழைய முயற்சி மறையாது. தோற்ற பாடத்தைத் தேறும்வரை திரும்பப் படிக்க உதவி உண்டு. ஏற்கெனவே தேறிய பாடத்தை மதிப்பெண்ணை உயர்த்துவதற்காகத் திரும்பப் படித்தால் ஒரே ஒரு முறைக்குத்தான் கூட்டாட்சி உதவி கிடைக்கும். பழைய மோசமான செமஸ்டர்களைக் கல்லூரி தன் பதிவில் ‘மன்னித்து’ ஒதுக்கிவைக்கும் ஏற்பாடும் சில இடங்களில் உண்டு. அந்த மன்னிப்பைக் கூட்டாட்சி நிதியுதவி விதி ஏற்பதில்லை. படிப்புக்குரிய பாடங்கள் எல்லாம் எஸ்ஏபி கணக்கில் வந்தே தீரும். மாணவர் உதவியே பெறாமல் சொந்தப் பணத்தில் படித்த செமஸ்டர்களும் அதில் அடக்கம். வேறு கல்லூரியிலிருந்து மாற்றி ஏற்கப்பட்ட கிரெடிட்டுகள் முயன்றது, முடித்தது என்று இரு பக்கமும் சேரும். அதனால் வேகம் கூடும், கால வரம்பு சுருங்கும்.

அந்தக் கால வரம்பு 180 கிரெடிட்டைத் தொட்டபின்தான் வேலைசெய்யும் என்று நினைப்பவர்கள் பலர். வரம்புக்குள் முடிக்கவே இயலாது என்று கணக்கு காட்டும் நாளிலேயே தகுதி போய்விடும். 150 கிரெடிட் முயன்று 85 முடித்தவருக்கு இன்னும் 35 வேண்டும். இனி ஒன்றுகூடத் தவறாவிட்டாலும் 185 ஆகிவிடும் என்பதால், 150-லேயே அவர் வரம்பை மீறியவர்தான். பெற்றோர் ஆசைக்காக உயிரியலில் இரண்டு ஆண்டு ஓட்டிவிட்டு, பிறகு கணினியியலுக்கோ பொருளியலுக்கோ மாறும் பிள்ளைகளை இந்த வரம்புதான் பிடிக்கிறது. புதிய படிப்புக்குப் பயன்படாத பழைய கிரெடிட்டுகளைக் கணக்கிலிருந்து விலக்கிக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமை உண்டு, கடமை இல்லை. விலக்குவார்களா, எத்தனை முறை விலக்குவார்கள் என்பதைப் படிப்பை மாற்றுவதற்கு முன்பே கேட்பது நல்லது.

கல்லூரி எப்போது சோதிக்கிறது என்பதும் முக்கியம். ஓராண்டுக்கு மேற்பட்ட படிப்புகளில், ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் சோதிக்கலாம், அல்லது ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்கலாம். செமஸ்டர்தோறும் சோதிக்கும் கல்லூரியில், முதன்முறை தவறிய மாணவரை ‘எச்சரிக்கை’ நிலையில் வைத்து, மேல்முறையீடு எதுவும் கேட்காமல் இன்னொரு செமஸ்டருக்கு உதவி கொடுக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்கும் கல்லூரியில் அந்த எச்சரிக்கைக்கு இடமில்லை. மே மாதம் மதிப்பெண்கள் வந்ததும் உதவி நேராக நின்றுவிடும். கண்டிப்பானதாகத் தோன்றினாலும், செமஸ்டர்தோறும் சோதிப்பதே மாணவருக்கு நல்லது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, இந்த அறிவிப்புகள் எல்லாம் மாணவரின் கல்லூரி மின்னஞ்சலுக்கும் போர்டலுக்கும்தான் போகும். 1974ஆம் ஆண்டின் கல்விப் பதிவுகள் தனியுரிமைச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த பிள்ளையின் பதிவுகள் மீதான உரிமை பிள்ளைக்கே உரியது. பிள்ளை எழுத்தில் ஒப்புதல் கொடுக்காதவரை அலுவலகத்தார் பொதுவாகப் பெற்றோரிடம் விவரம் சொல்லமாட்டார்கள். கட்டணம் கட்டுவது நாம், கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவதும் சில வேளைகளில் நாம், எச்சரிக்கை மட்டும் நம் கண்ணில் படாது. பிள்ளையை வேவு பார்க்கச் சொல்லவில்லை. முதலாண்டிலேயே, சண்டை எதுவும் இல்லாத ஒரு நாளில், அந்த ஒப்புதல் படிவத்தைப் பற்றிப் பேசி முடிவெடுத்துக்கொண்டால், பின்னால் நெருக்கடியில் பேச வேண்டியிராது.

உதவி நின்றுபோனால் மேல்முறையீடு செய்ய வழி வைத்திருக்கும் கல்லூரிகளே அதிகம். உறவினரின் மரணம், மாணவரின் நோய் அல்லது காயம், பிற சிறப்புச் சூழ்நிலை ஆகியவை காரணங்களாக ஏற்கப்படும். மேல்முறையீட்டுக் கடிதம் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்: ஏன் முன்னேற்றம் காட்ட இயலவில்லை, இப்போது என்ன மாறியிருக்கிறது. நம் பிள்ளைகள் எழுதி எடுத்துவரும் கடிதங்களில் முதல் கேள்விக்கு நாணமும் இரண்டாம் கேள்விக்கு உறுதிமொழியுமே விடையாக இருக்கின்றன. “என் பெற்றோரை ஏமாற்றிவிட்டேன், இனிமேல் கடுமையாக உழைப்பேன்” என்ற வரி ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் வரும். கடிதத்தைப் படிக்கும் அலுவலரின் மனம் இளகலாம். ஆனால் அவர் கோப்பில் பதிவு செய்ய வேண்டிய செய்தி எதுவும் அதில் இல்லை. வாரத்துக்கு முப்பது மணி நேரம் வேலை பார்த்தேன், இப்போது பன்னிரண்டு மணி நேரமாகக் குறைத்திருக்கிறேன், முதலாளியின் கடிதம் இதோ என்று எழுதினால் அதில் காரணமும் இருக்கிறது, மாற்றமும் இருக்கிறது, சான்றும் இருக்கிறது.

மன அழுத்தத்தாலோ பதற்ற நோயாலோ ஒரு செமஸ்டர் முழுவதையும் இழந்த மாணவர்கள் அதை எழுத மறுப்பதையும் கண்டிருக்கிறேன். சில நேரம் பிள்ளை எழுதத் தயாராக இருந்தும் வீட்டார் தடுக்கிறார்கள். மனநோயும் நோய்தான், விதியின் பார்வையில் உடைந்த காலுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ ஒரு சுருக்கமான கடிதம் வாங்கினால் போதும். சிகிச்சை விவரங்களை எல்லாம் எழுத வேண்டியதில்லை. இதை மறைத்துவிட்டுப் பொதுவாக ‘குடும்பச் சூழல்’ என்று எழுதுவது, வலுவான காரணத்தை எடுத்துவிட்டு வலுவற்ற காரணத்தை அந்த இடத்தில் வைப்பதாகும்.

மேல்முறையீடு ஏற்கப்பட்டால் மாணவர் ‘நன்னடத்தைக் காலம்’ போன்ற ஒரு நிலையில் வைக்கப்படுவார். ஒரே செமஸ்டரில் எண்கள் சரியாகிவிடும் என்றால் அது ஒரு செமஸ்டருக்கு; முடியாது என்றால், கல்லூரியும் மாணவரும் சேர்ந்து வகுக்கும் கல்வித் திட்டத்தின்படி பல செமஸ்டர்களுக்கு. அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு செமஸ்டரிலும் எடுத்த பாடங்கள் அனைத்தையும் முடிக்க வேண்டும், இன்ன சராசரி வாங்க வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கும். பேராசையோடு 18 கிரெடிட் எடுத்து ஒரே மூச்சில் மீண்டுவிட நினைப்பவர்கள் இங்கேதான் மறுபடி தவறுகிறார்கள். முழுநேர மாணவராக இருக்கப் பொதுவாக 12 கிரெடிட் போதும். 12 எடுத்து 12-ஐயும் முடிப்பது, 18 எடுத்து 13 முடிப்பதைவிட எஸ்ஏபி கணக்கில் பல மடங்கு நல்லது.

எல்லாப் பாடங்களையும் விட்டுவிட்டு வெளியேறுவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். செமஸ்டரின் 60 விழுக்காட்டுக் காலம் கடப்பதற்குள் முழுவதுமாக விலகினால், அந்த செமஸ்டருக்குக் கிடைத்த கூட்டாட்சி உதவியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். கல்லூரி தன் பங்கை அரசுக்குத் திருப்பிவிட்டு, நிலுவையை மாணவரின் கணக்கில் எழுதிவிடும். யாரிடமும் சொல்லாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்தி எல்லாவற்றிலும் எஃப் வாங்கியவரையும், அவர் இடையில் விலகியவராகவே கருதி இதே கணக்கைப் போடுவார்கள். வேகம், சராசரி, பண நிலுவை மூன்றும் ஒரே அடியில் விழும் நிலை இது. எனவே நோயோ இழப்போ வந்து படிப்பைத் தொடர முடியாமல் போனால், மறைந்துபோகாமல், விலகுவதற்கு முன் நிதியுதவி அலுவலகத்துக்கு ஒரு முறை போய் நாளையும் தொகையையும் கேட்டறிவது நல்லது.

மாநில உதவிகளுக்கு இவற்றைவிடக் கடுமையான விதிகள் இருக்கலாம். ஜார்ஜியாவின் ஹோப் உதவித்தொகைக்கு 3.0 சராசரி வேண்டும். அதை 30, 60, 90 கிரெடிட் முயன்ற கட்டங்களில் பார்ப்பார்கள். டெக்சஸ் கிராண்டைத் தொடர முதலாண்டுக்குப் பிறகு 2.5 சராசரியும், எடுத்ததில் 75 விழுக்காடு தேர்ச்சியும், ஆண்டுக்கு 24 கிரெடிட்டும் தேவை. கல்லூரியே தரும் தகுதி உதவித்தொகைகள் இவற்றிலிருந்தும் வேறுபடும். துறை அலுவலகம் ‘நல்ல நிலையில் இருக்கிறீர்கள்’ என்று சொல்வது கல்லூரியில் தொடர்ந்து படிக்கும் தகுதியைப் பற்றியது. நிதியுதவி அலுவலகத்தின் கணக்கு அதிலிருந்து தனியானது.

மேல்முறையீடு மறுக்கப்பட்டால், அல்லது மேல்முறையீட்டுக்கான காரணமே இல்லை என்றால், கூட்டாட்சி உதவி இல்லாமல் படித்து எண்களை எல்லைக்கு மேல் கொண்டுவருவதே வழி. ஒரு செமஸ்டர் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பினால் தகுதி தானாக வந்துவிடாது; இடைவெளி எந்த எண்ணையும் மாற்றுவதில்லை. செலவைக் குறைக்க, கோடைக் காலத்தில் சமுதாயக் கல்லூரியில் இரண்டு பாடங்கள் படித்துக் கிரெடிட்டை மாற்றிக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. வேகம் குறைந்தவருக்கு அது உதவும். சராசரி குறைந்தவருக்குப் பெரும்பாலும் உதவாது, ஏனெனில் மாற்றிவரும் கிரெடிட்டுகளின் மதிப்பெண்ணைப் பல கல்லூரிகள் தங்கள் ஜிபிஏவில் சேர்ப்பதில்லை. அந்தப் பாடங்கள் தம் படிப்புக்கு ஏற்கப்படுமா என்பதைச் சேர்வதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மதிப்பெண் பட்டியல் வந்து சேர்ந்ததும், எஸ்ஏபி நிலையை மறுபடி சோதிக்கும்படி மாணவரே நிதியுதவி அலுவலகத்தில் கேட்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் சோதிக்கும் கல்லூரியில், கேட்காதவரின் கோப்பு அடுத்த மே மாதம் வரை அப்படியே கிடக்கக்கூடும்.